ஆளுக்கும் கேட்க வேண்டும்: 2003இல் ஒரு பட்டாளத்து ஊர் எழுதிய மனு

பின்னணி

வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையை ஒட்டிப் பட்டாளத்து ஊர்கள் சில உண்டு. வீட்டுக்கு ஒருவர், சில வீடுகளில் அண்ணன் தம்பி இருவர், இன்னும் சில வீடுகளில் தாத்தா காலத்திலிருந்தே படைவேலை. இங்கே எழுதுவது அப்படிப்பட்ட ஓர் ஊரில் 2003 ஜூன் முதல் 2004 தொடக்கம் வரை நடந்தது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இப்போதும் பணியில் இருக்கிறார்கள். அந்த ஊரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வெளிநாட்டுக்குப் படை அனுப்பக் கூடாது என்று கேட்ட மனு அது. அதை எழுதியது நான்தான், அதனால் அதிலிருந்த தவறுகளும் பெரும்பாலும் என்னுடையவை.

வேலூர் லாங்பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். காய்கறி வாங்கப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். அந்த 277 பேரை அனுப்பும்போது இந்த நாட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் என்று ஒன்றும் அன்று இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தபோதும் இதே கதைதான். மாகாணங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிகள் இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் அதற்காகவே பதவி விலகின.

சுதந்திரம் வந்து 40 ஆண்டு கழித்து அந்த ஊருக்கு அடுத்த அடி விழுந்தது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. படையை அனுப்பலாமா என்று நாடாளுமன்றத்தில் முன்கூட்டி ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அமைதி காக்கப் போன படை, அக்டோபர் 10 வாக்கில் முழுப் போரில் இறங்கியிருந்தது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திரும்பியது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழ் மக்கள் இழந்தது அதைவிட எத்தனையோ மடங்கு. அந்த ஊருக்கு இரண்டு தந்திகள் வந்தன. இரண்டு வீட்டுக்கும் உடல் வரவில்லை.

2003 ஜூன்: என்ன கேள்விப்பட்டோம்

2003 மார்ச் 20 அன்று அமெரிக்கா ஈராக்கில் போர் தொடங்கியது. ஏப்ரல் 8 அன்று நம் மக்களவை அந்தப் போருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. இந்தி வாசகத்தில் 'நிந்தா' (கண்டனம்) என்ற சொல்லும், ஆங்கில வாசகத்தில் அதைவிடச் சற்று மென்மையான சொல்லும் இருந்தன. எந்தச் சொல்லைப் போடுவது என்று கட்சிகள் நாள்கணக்கில் பேசித்தான் ஒத்துக்கொண்டன.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஈராக்கில் அமைதியை நிலைநிறுத்த இந்தியா ஒரு டிவிஷன் படை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கா கேட்கிறது என்ற செய்தி வந்தது. பதினைந்தாயிரம் பேருக்கும் மேல். ஜூன் நடுவில் அமெரிக்காவிலிருந்து அதிகாரிகள் டெல்லிக்கே வந்து பேசினார்கள். பட்ஜெட் கூட்டத்தொடர் மே மாதமே முடிந்துவிட்டதால் நாடாளுமன்றம் அப்போது கூடியிருக்கவில்லை.

ஊரில் செய்தி வேறு வேறு வடிவத்தில் பரவியது. பால் சொசைட்டி வாசலில் ஒருவர், "மெட்ராஸ் ரெஜிமென்ட் போறது முடிவாயிடுச்சி" என்றார். இன்னொருவர் ஆள் எண்ணிக்கையை லட்சமாக்கினார். குவைத்தில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த பையன், படை போனால் அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தான். சரி, எதற்கும் உட்கார்ந்து பேசுவோம் என்று ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டோம்.

இடம் ஒரு கேள்வியாக இருந்தது. கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து வர மாட்டார்கள். அந்த ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்களில் பாதிக்கு மேல் காலனிக்காரர்கள். அதனால் பால் சொசைட்டி வாசலையே எடுத்துக்கொண்டோம். அங்கே சாயங்காலம் எல்லோரும் கேனோடு வரிசையில் நிற்பார்கள். இந்த ஒரு முடிவு சரியாக அமைந்தது.

முதல் கூட்டம் கலைந்த விதம்

பேச நகரத்திலிருந்து ஓர் இளைஞரை அழைத்திருந்தோம். போர் எதிர்ப்பில் உண்மையான அக்கறை உள்ளவர். அவர் ஈராக்கில் தொடங்கி இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் நம் படை நடத்திய கொடுமைகளைப் பட்டியலிட்டார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி மறுக்க முடியாதது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் 1987 அக்டோபரில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை யாரும் மறைக்கவும் கூடாது. ஆனால் அவர் எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அந்தப் போரில் இடது காலை இழந்த ஹவில்தார். இன்னொருவர், தந்தி வந்த வீட்டு அம்மா.

ஹவில்தார் கட்டையை ஊன்றி எழுந்தார். "தம்பி, எங்களைப் போகச் சொன்னது யாரு? நாங்களா கப்பல் ஏறிப் போனோம்? போறப்ப மாலை போட்டாங்க. திரும்பி வர்றப்ப மெட்ராஸ் ஹார்பர்ல எங்களைப் பார்க்க ஒரு மந்திரி வரல. இப்ப நீயும் எங்களையே கேக்கற" என்றார். அத்தோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி 1990இல் அந்தப் படையை வரவேற்கப் போகாதது பற்றி இந்த மாவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. ஈழத் தமிழருக்காக அது சரி என்பவர்களும், சாதாரண சிப்பாய் என்ன செய்தான் என்பவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளை ஈராக் போகட்டும் என்றே நினைத்தன. ஐ.நா. படையில் சோமாலியா போய்வந்தவர் ஒருவர் அந்தப் பணத்தில் மாடி கட்டியிருந்தார். வெளிநாட்டுப் பணி என்றால் படி அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்லுடைக்கவும் தோல் ஷாப்புக்கும் போகும் ஊரில் அந்தக் கணக்கு நியாயமானது. ஆனால் 'படை அனுப்பாதே' என்று மனு எழுதினால் இவர்கள் கையெழுத்துப் போடப் போவதில்லை என்பது தெரிந்துபோனது.

கலைந்துபோகும் நேரத்தில் ஒரு தியாகி தாத்தா பேசினார். அப்போது வயது 84. 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் போர் எதிர்ப்பு வாசகம் சொல்லிச் சிறைக்குப் போனவர். வேலூர் ஜெயிலில்தான் இருந்தார், காமராஜரும் அங்கே இருந்த காலம். பிரிட்டிஷார் நடத்தும் போருக்கு ஆளோ பணமோ கொடுத்து உதவுவது தவறு என்பதுதான் அந்தச் சத்தியாக்கிரக வாசகத்தின் சாரம். தாத்தா மெதுவாகக் கேட்டார்: "வாத்தியாரே, இப்போ பணத்துக்கு பார்லிமென்ட்ல கேக்கறாங்க இல்ல? வருஷா வருஷம் பட்ஜெட் போடறாங்க. ஆளுக்கு கேக்கறாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தேன்.

சட்டத்தில் கண்டது

தாத்தா கேட்டது சரியான கேள்வி. அரசு தன் நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டுமானாலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். அதை 114ஆவது உறுப்பு சொல்கிறது. அவசரச் சட்டம் பிறப்பித்தால், நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. ஒரு மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவந்தால் இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் ஒப்புதல், அதுவும் சிறப்புப் பெரும்பான்மையோடு. 1975இன் அனுபவத்துக்குப் பிறகு 1978இல் 44ஆவது திருத்தம் அந்தக் கெடுவை அவ்வளவு குறுக்கியது.

வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதற்கு மட்டும் அப்படி ஒரு வரியும் இல்லை. படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம், அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே அமைச்சரவை முடிவு செய்தால் போதும். உள்ளே பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு என்று ஒன்று இருக்கிறது. நான்கைந்து மூத்த அமைச்சர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானித்தால் எங்கள் ஊரிலிருந்து பையன்கள் எந்த நாட்டுக்கும் போவார்கள்.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. 53ஆவது உறுப்பின் இரண்டாம் பகுதி, அந்தத் தலைமை அதிகாரம் செலுத்தப்படும் விதம் சட்டத்தால் முறைப்படுத்தப்படும் என்கிறது. மத்தியப் பட்டியலின் 15ஆவது இனம் 'போரும் அமைதியும்'. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வெளிநாட்டுப் போருக்கு முன் ஒப்புதல் கட்டாயம் என்று நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் போட்டுவிடலாம். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவைகூட இல்லை. இது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. நாங்கள் கேட்கப் போவது நடக்காத காரியம் இல்லை.

மற்ற நாடுகளையும் பார்த்தேன். பிரிட்டனில் அந்த ஆண்டு மார்ச் 18 அன்றுதான் ஈராக் போர் பற்றி ஓட்டெடுப்பு நடந்திருந்தது: ஆதரவு 412, எதிர்ப்பு 149. அமெரிக்காவில் வியட்நாம் அனுபவத்துக்குப் பிறகு 1973இல் ஒரு சட்டம் வந்தது. அதிபர் படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும். ஜெர்மனியில் 1994இல் அரசியல் சாசன நீதிமன்றம், வெளிநாட்டுக்குப் படை போக நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜூன் 22 அன்று மறுபடி கூடினோம். இந்த முறை வெளிப்பேச்சாளர் இல்லை. நான்கு முடிவுகள் எடுத்தோம்.

ஒன்று, மனு 'அனுப்பாதே' என்று சொல்லாது, 'நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அனுப்பாதே' என்று சொல்லும். இதில் எனக்கே முதலில் வருத்தம் இருந்தது. ஈராக் போர் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அதை எழுதாமல் விடுவது கோழைத்தனமாகப் பட்டது. ஹவில்தார்தான் என்னைத் திருப்பினார். "சார், போகணும்னு நினைக்கிறவனும் கையெழுத்துப் போடற மாதிரி எழுதுங்க. கேட்டுட்டு அனுப்புன்னா எவன் வேணாம்பான்?" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. மகனை அனுப்ப விரும்பிய மூன்று குடும்பங்களில் இரண்டு கையெழுத்திட்டன.

இந்த இடத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டது இன்றும் நினைவில் நிற்கிறது. "பிரிட்டன்ல ஓட்டு போட்டுத்தானே சார் போனாங்க? ஓட்டு போட்டா மட்டும் போர் நல்லதாயிடுமா?" ஆகாது. அதை ஒத்துக்கொண்டேன். ஆனால் ஓட்டெடுப்பு என்றால் பிரதமர் அவையில் நின்று காரணம் சொல்ல வேண்டும், ஆதாரத்தை வைக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகும். பின்னால் தவறு என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். இலங்கைக்குப் படை போனதற்கு எந்த உறுப்பினர் கை தூக்கினார் என்று ஹவில்தார் யாரிடம் போய்க் கேட்பார்? (பத்து ஆண்டு கழித்து, 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாமீது தாக்குதல் நடத்த பிரிட்டிஷ் பிரதமர் அவையின் ஒப்புதல் கேட்டார். 272க்கு 285 என்று தோற்றார், அவர்கள் போகவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது.)

இரண்டு, எதற்கெல்லாம் முன் ஒப்புதல் வேண்டாம் என்பதையும் மனுவிலேயே எழுதுவது. எல்லையில் தாக்கினால் திருப்பி அடிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. வெளிநாட்டில் சிக்கிய நம் மக்களை மீட்பதற்கும் அப்படியே. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது அன்றிரவே நம் படை விமானத்தில் போய் இறங்கியது. அந்த மாதிரி மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நேரத்துக்கு, ஒரு மாதத்துக்குள் பின் ஒப்புதல் பெற வேண்டும் என்று எழுதினோம். நெருக்கடி நிலைக்கு இருக்கும் அதே கெடு. ஐ.நா. அமைதிப் படை பற்றி நீண்ட வாக்குவாதம். சோமாலியா போய்வந்தவர், நீலத் தொப்பி போட்டாலும் குண்டு குண்டுதான், அதற்கும் கேட்க வேண்டும் என்றார். மற்றவர்கள் ஒப்பவில்லை. அவைக்குத் தகவல் தந்தால் போதும் என்று முடித்தோம். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஊருக்குத் தந்தி வந்ததே அமைதி காக்கப் போன படையிலிருந்துதான்.

மூன்று, நாடாளுமன்றம் கூடாத காலத்துக்கு என்ன வழி? சிறப்புக் கூட்டம். 1962இல் சீனா எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் கூடி ஒரு வாரம் விவாதித்தது. பிரதமர் நேரு தன் அரசின் குறைகளை அவையில் உட்கார்ந்து கேட்டார். வீட்டு வாசலில் போர் நடக்கும்போது அவையைக் கூட்ட முடிந்ததென்றால், கடல் தாண்டிப் படை அனுப்ப யோசிக்கும்போது கூட்ட முடியாதா?

நான்கு, பணியில் இருக்கும் யாரும் கையெழுத்திடக் கூடாது. ராணுவச் சட்டப்படி அவர்கள் அரசியல் பேசவோ மனுப்போடவோ முடியாது. ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தாரும் மட்டும். பணியில் இருக்கும் மகனின் பெயர், படைப்பிரிவு எதையும் எழுதக் கூடாது. ஊராட்சித் தீர்மானமாகவும் போடவில்லை. அது கட்சிச் சண்டையாகிவிடும் என்று ஊராட்சித் தலைவரே சொன்னார்.

ஏப்ரல் 8 தீர்மானத்தை மனுவின் நடுவில் வைத்தோம். இந்தப் போரைக் கண்டித்த அவையைக் கேட்காமல், அந்தப் போரால் வந்த நிலத்தைக் காக்க எங்கள் பிள்ளைகளை அனுப்புவது அந்த அவையையே இல்லை என்று சொல்வதாகும் என்பது வாசகம்.

கையெழுத்து

ஜூன் கடைசி வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் சொசைட்டி வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பெண்களில் பெரும்பாலோர் கைநாட்டு. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வாங்கிய மை டப்பா காய்ந்து கிடந்தது. யாரோ இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தார்கள். அதனால் ரேகை எல்லாம் கொஞ்சம் விரிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு விழுந்தது. ஒவ்வொரு ரேகைக்கும் கீழே நான் பெயரெழுதினேன்.

தந்தி வந்த வீட்டு அம்மா கடைசி நாள் வந்தார். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்த தந்தியை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாகியிருந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. "இத்தையும் வெச்சி அனுப்பு சார்" என்றார். "வேணாம்மா, இது உங்ககிட்டயே இருக்கட்டும். இதுல இருக்கறத நான் எழுதிடறேன்" என்றேன். மனுவின் கடைசிப் பத்தியில் அந்தத் தந்தியின் தேதியை மட்டும் எழுதினேன். அந்த அம்மா கைநாட்டு வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைக்காமல் வீடுவரை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

இருநூறுக்குச் சற்றுக் குறைவான பெயர்கள் சேர்ந்தன. ஒருவர் இரண்டு நாள் கழித்து வந்து பெயரை எடுத்துவிடச் சொன்னார். மகன் காஷ்மீரில் பணியில் இருந்தான். அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வீட்டில் அழுகை. நான் அவர் பெயரின்மேல் ஒரு கோடு போட்டேன்.

தொடர்ந்து நடந்தவை

ஜூன் 30 அன்று வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். குடியரசுத் தலைவர், பிரதமர், மக்களவைத் தலைவர் மூவருக்கும் ஒரே மனு. தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்கள் மூவருக்கு நகல். அக்னாலெட்ஜ்மென்ட் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

உறுப்பினர்களில் ஒருவர் அலுவலகத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் மனு மக்களவை விதிகளின்படி மனுவே ஆகாது என்று அதில் விளக்கியிருந்தார்கள். மக்களவைக்கு மனு என்றால் அவையை நோக்கி மட்டும் எழுத வேண்டும். கடைசியில் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஓர் உறுப்பினர் மேலொப்பமிட வேண்டும். அப்போதுதான் அது அவையில் வைக்கப்பட்டு மனுக்கள் குழுவுக்குப் போகும். இல்லாவிட்டால் ஆயிரம் கடிதங்களில் ஒன்று. முறைப்படி எழுதித் தந்தால் தான் ஒப்பமிடுவதாக அந்த உறுப்பினர் சொல்லியிருந்தார்.

மறுபடி எழுதினோம். ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை புதிய மனு தயார். மறுநாள், ஜூலை 14 இரவுச் செய்தியில், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஈராக்குக்குப் படை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். ஐ.நா.வின் தெளிவான ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

ஊரில் அன்று பட்டாசு வெடிக்காத குறை. அந்த முடிவுக்கு எங்கள் மனு காரணம் என்று நான் எங்கும் சொன்னதில்லை. எதிர்க்கட்சிகளும், ஆளும் கூட்டணிக்குள்ளேயே சிலரும், நாடெங்கும் மக்களும் எதிர்த்தார்கள். ஐந்து மாநிலத் தேர்தல்கள் வரவிருந்தன.

ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. முடிவு நல்லது, எடுத்தது யார்? அதே சில அமைச்சர்கள், அதே அறை. நாடாளுமன்றம் அந்த மாதமே கூடவிருந்தது, அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. இன்றைக்கு 'வேண்டாம்' என்று சொன்ன அறை நாளைக்கு 'போ' என்று சொன்னால் அப்போதும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதைச் சொல்லிப் புதிய மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டேன். அறுபது பேர்கூடத் தேறவில்லை. "அதான் போகலியே சார், அப்புறம் இன்னா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். தந்தி வந்த வீட்டு அம்மா இரண்டாம் முறையும் கைநாட்டு வைத்தார். ஹவில்தாரும் தியாகி தாத்தாவும் கையெழுத்திட்டார்கள்.

அந்த அறுபது பேரோடு ஆகஸ்டில் அனுப்பினோம். அக்டோபர் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1511ஆம் தீர்மானத்தில் ஈராக்கில் பன்னாட்டுப் படைக்கு அங்கீகாரம் கொடுத்தது. ஜூலையில் நம் அரசு சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டதோ என்று ஊரில் மறுபடி பயம். கூட்டம் போட்டால் ஒன்பது பேர் வந்தார்கள். நல்லவேளை, இந்தியா அப்போதும் அனுப்பவில்லை. 2004 பிப்ரவரியில் மக்களவை கலைக்கப்பட்டது. அதுவரை எங்கள் மனு அவையில் வைக்கப்படவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் மனுவை மூன்று பேருக்கும் சேர்த்து எழுதியது பெரிய தவறு. இரண்டு வாரம் அதில் போனது. அவைக்கு மனு என்றால் விதிப்படி அவைக்கு, அரசுக்குக் கடிதம் என்றால் தனியாக அரசுக்கு. மேலொப்பமிடும் உறுப்பினரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

மனுவோடு நிற்காமல் கேள்வியும் கேட்டிருக்கலாம். 'வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் சட்டம் கொண்டுவரும் எண்ணம் உண்டா?' என்று ஓர் உறுப்பினர் எழுத்துபூர்வமாகக் கேட்டால் அமைச்சர் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் 'இல்லை' என்று ஒரே வரியில் இருந்தாலும் அது அவையின் ஆவணம், அடுத்த முறை கையில் வைத்துப் பேசலாம். அமைச்சரல்லாத உறுப்பினரே கொண்டுவரும் தனிநபர் மசோதா என்ற வழியும் உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் அதற்கென்றே இருக்கின்றன.

இதையெல்லாம் செய்ய வேண்டிய நேரம் போர்ச் செய்தி இல்லாத நேரம். செய்தி வந்த பிறகு கேட்டால் ஆதரவும் எதிர்ப்பும் அந்தப் போரைச் சுற்றியே போகும். போகவில்லை என்றானதும் ஆள் கலைந்துவிடுவார்கள். ஜூலை 14க்குப் பின் நாங்கள் இழந்த நூற்றுமுப்பது கையெழுத்தும் அப்படிப் போனவைதான். சாதாரண நாளில், எந்தப் பெயரும் எந்த நாடும் இல்லாமல், முறையை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வெளிப்பேச்சாளரை அழைத்ததிலும் தவறு எங்களுடையது. யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவர் பின்னொரு நாள் ஹவில்தார் வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒன்று. பெயரை எடுத்துவிடச் சொன்னவரின் பெயர்மேல் நான் போட்டது ஒற்றைக் கோடு. கோட்டுக்கு அடியில் பெயர் அப்படியே படிக்க முடிந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அதிலிருந்த மற்றவர்களிடம் மறுபடி கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நேரமில்லை என்று நினைத்து அப்படியே அனுப்பினேன். தபால் போன பிறகுதான் அவருக்கு இது தெரிந்தது. ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை, சொசைட்டிக்குப் பாலையும் மனைவியிடமே கொடுத்தனுப்பினார். 2004 பொங்கலுக்கு மகன் லீவில் வந்தான். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அவன் சொன்ன பிறகுதான் அவர் மறுபடி சொசைட்டி வாசலுக்கு வந்தார்.